கீமோ நேரத்தில் புரதம் குறைந்தால் பவுடர் வாங்கி ஓடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து கோவைக்கு இறங்கிப்போய் கீமோ எடுப்பவர்கள் வீட்டில் இதைப் பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் ‘மொத்தப் புரதம் குறைவு’ என்று வந்துவிட்டால், மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறுவதற்குள் ஒரு புரதப் பவுடர் டப்பா பைக்குள் ஏறிவிடும். நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் அந்த அவசரம் பல நேரம் வீண்.

மொத்தப் புரதம் என்பது ஆல்புமினும் குளோபுலினும் சேர்ந்த கணக்கு. ஆல்புமின் கல்லீரலில் உருவாவது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 3.5 முதல் 5 கிராம் இருக்கும். உடம்பில் தொற்று இருந்தால், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் அது இறங்கும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு ஏறும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ட்ரிப்ஸ் ஏறிய கையோடு ரத்தம் எடுத்தால் ஆல்புமின் குறைவாகக் காட்டும், வாந்தியில் உடம்பு வற்றியிருந்தால் கூடுதலாகக் காட்டும். முட்டை, பருப்பு, அவரை எல்லாம் தெம்புக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் முட்டை முழுதாக வெந்திருக்கட்டும், பச்சை முட்டை வேண்டாம்.

குளோபுலின்தான் பலர் கவனிக்காமல் விடுவது. நோயை எதிர்க்கும் ஐஜிஜி போன்ற புரதங்கள் அதில்தான் இருக்கின்றன. இந்த ரத்தப் புற்றுநோய் அவற்றைக் குறைக்கும். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் இன்னும் குறைக்கலாம், சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம். எந்தச் சாப்பாடும் அதை ஈடுகட்டாது. அடிக்கடி சளி, நிமோனியா வந்தால் ஐஜிஜி அளவு பார்க்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். தேவைப்பட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலினை, அதாவது கொடையாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை, நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

மலையில் இந்தக் குறைவின் ஆபத்தே வேறு. உடம்பு நடுங்கினால் ‘ஊட்டிக் குளிர்தானே’ என்று ஸ்வெட்டரும் கஷாயமும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் கோவை எட்டாது. பக்கத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். உள்ளே நுழைந்ததும் ‘கீமோ போய்க்கொண்டிருக்கிறது’ என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆல்புமின் குறைந்தால் உடம்பு வீங்கலாம்தான்; ஆனால் எல்லா வீக்கத்துக்கும் அதைப் பழி சொல்வதும் தவறு. சிஎம்எல் என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, ஆல்புமின் சரியாக இருந்தாலும் மருந்தாலேயே கண்ணைச் சுற்றி வீங்கலாம்.

அப்புறம் ஸ்க்ரப் டைபஸ். தேயிலைத் தோட்டம், புதர் என்று நடமாடுகிறவர்களுக்கு உண்ணிப்பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. பெரும்பாலும் எதிர்ப்புப் புரதத்தை வைத்துத்தான் அதைச் சோதிப்பார்கள். அந்தப் புரதமே சரியாக உருவாகாத உடம்பில் ‘நெகட்டிவ்’ வந்தால் நிம்மதிப்படாதீர்கள்; உடம்பில் கறுத்த பொருக்குப் புண் இருந்தால் காட்டுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றியவருக்கோ, கொடையாளிகளின் புரதத்தால் சில சோதனைகள் ‘பாசிட்டிவ்’ என்றும் காட்டலாம். ஏற்றிய தேதியை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.