மலைச்சரிவில் குடியிருப்போர் மழையையும் மண்ணையும் கவனிக்கும் முறை

ஒரே மழையில் ஒரு சரிவு அசையாமல் நிற்கிறது, அடுத்த சரிவு வீடுகளோடு கீழே இறங்கிவிடுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவாகி, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தபோதும் இதுதான் நடந்தது. விழுந்த நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே பெரும்பாலும் இரண்டு சரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு. அந்த வழியைச் சரிவில் குடியிருப்பவர் தாமே பெருமளவு கண்டறியலாம்.

முதலில் மண்ணுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீலகிரியில் கடினமான பாறைக்கு மேல், அதே பாறை காலப்போக்கில் சிதைந்து உண்டான செம்மண்ணும் களிமண்ணும் பல இடங்களில் பல மீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கின்றன. சாதாரண மழையில் நீர் மெல்ல உள்ளிறங்கி, கீழே ஊற்றாக வெளிவந்துவிடும். மூன்று நாள் விடாமல் பெய்தால், உள்ளே போகும் நீர் வெளியேறும் நீரைவிட மிகுதியாகிப் பாறைக்கு மேல் தேங்கி, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியை உள்ளிருந்தே தளர்த்திவிடுகிறது. நனைந்த மண்ணின் எடையும் கூடிவிடுகிறது. கடற்கரையில் ஈரமணலில் கட்டிய வீடு, அலை தொட்டதும் குழைந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வறண்ட மண்ணில் தாங்கக்கூடிய 100 மி.மீ. மழையே நான்காம் நாளில் ஆபத்தாவது இதனால்தான்.

எனவே மழையை அளப்பதிலிருந்து தொடங்குங்கள். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பெயின்ட் டப்பாவைக் கூரைத் தாழ்வாரமும் மரநிழலும் படாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே அடிக்கோலை நிறுத்தி, நீரின் உயரத்தை நாட்காட்டியிலேயே குறித்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். பத்து சென்ட் நிலத்தில் 100 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றுக்கும் மேல் அந்த மண்ணில் கொட்டியதற்குச் சமம். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ.-ஐக் கடந்தால் விழிப்பாக இருக்கவும், 100-ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாகவும், 150-ஐக் கடந்தால் வெளியேறிவிடவும் சொல்கிறது. அந்த அளவுகள் அந்நாட்டு மலையகச் சரிவுகளுக்காக வகுக்கப்பட்டவை என்றாலும், வேறு அளவுகோல் கையில் இல்லாதவர்களுக்கு அவை நல்ல தொடக்கமே. அத்துடன் முந்தைய மூன்று நாள் மழையையும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது, மழைக்காலத்துக்கு முன்பே சரிவைச் சுற்றி நடந்து பார்ப்பது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்கும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கும் முன்பாக இதைச் செய்ய வேண்டும். வீட்டுக்கு மேலேயோ கீழேயோ ஜேசிபி வைத்துச் செங்குத்தாக மண்ணை வெட்டியிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி; அடிமண்ணை எடுத்துவிட்டால் மேல்மண்ணுக்குத் தாங்கல் இல்லை. மனிதர் செய்யும் தவறுகளில் இதைவிடக் கொடியது இல்லை என்பது என் கருத்து. தடுப்புச் சுவர் கட்டியாகிவிட்டது என்று நிம்மதி அடைவோரும் அச்சுவரின் நீர்க்கசிவுத் துளைகளைப் பார்க்க வேண்டும். ஒரு துளைக்குள் குச்சியை விட்டால் பாசியும் களிமண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கிய பின், அடுத்த மழையில் அங்கிருந்து நீர் சொட்ட வேண்டும். மழை கொட்டும்போதும் துளைகள் எல்லாம் உலர்ந்தே இருந்தால், நீர் சுவருக்குப் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். சாலைக் குறுக்கேயுள்ள மதகில் பிளாஸ்டிக் பாட்டில்கள் அடைத்திருந்தாலும், சமையலறைக் கழிவுநீரையும் செப்டிக் டேங்க் நீரையும் சரிவிலேயே விட்டிருந்தாலும் முடிவு ஒன்றுதான்: நீர் மண்ணுக்குள் தேங்கும். மரம் நட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு சொல்: வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், பல மீட்டர் ஆழத்தில் நழுவும் மண்ணை அது தடுக்காது.

ஓடைகளைத் தனியாகக் கவனியுங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் பள்ளமும் சரிந்த மண் ஓடிவரும் பாதைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் மீது மலை இறங்கியபோது எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும் ஆற்று வழியே சுமார் எட்டு கிலோமீட்டர் ஓடின. மேலே சரிவது நம் நிலம் இல்லை என்று கீழே இருப்பவர் இருந்துவிட முடியாது. கனமழையின் நடுவே ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால், மேலே மரங்களும் பாறைகளும் அதை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது வரும் வெள்ளத்துக்கு எச்சரிக்கை கிடையாது. இறங்கிப் பார்க்காமல், ஓடையைக் கடக்காமல், அதை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேடேறிவிடுங்கள். நீர் திடீரெனக் கலங்கி, கற்கள் உருளும் ஓசை கேட்டாலும் அதையே செய்யுங்கள்.

நிலத்தில் வளைவான விரிசல் கண்டால் அதன் இரு பக்கமும் இரண்டு முளைகளை அடித்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். விரிசலைக் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட்டால் நீர் உள்ளே இறங்குவது குறையும். இடைவெளி கூடினாலோ, கதவு திடீரென இறுகினாலோ, மின்கம்பம் சாய்ந்தாலோ, புதிய இடத்தில் ஊற்று பொங்கினாலோ அன்றிரவு அவ்வீட்டில் படுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இலும், இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை (பேரிடர் மேலாண்மை மையத்தை) 117-இலும் அழைக்கலாம்.

மழை விட்டதும் உடனே திரும்ப வேண்டாம். உள்ளே தேங்கிய நீர் வடிய நாட்கள் ஆகும். வெயில் அடித்த பிறகு சரிந்த மண்ணும் உண்டு. பகல் வெளிச்சத்தில் போய், வீட்டுக்குள் நுழையுமுன் அந்த முளைகளின் இடைவெளியை மீண்டும் அளந்து பாருங்கள்.