பெங்களூரில் சனிக்கிழமை ராத்திரி: பப் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஊரிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள், எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இனி இந்தப் பதிவின் இணைப்பை அனுப்பிவிடலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

பப்பின் பெயர் அப்புறம். கடைகள் இரவு 1 மணி வரை இருக்கும். மெட்ரோ 11 மணி வாக்கிலேயே ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு மெட்ரோவின் ஊதா வழித்தடத்தை ஒட்டிய இடங்களைத்தான் சொல்வேன்: எம்.ஜி. ரோட்டில் இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு, இல்லையென்றால் இந்திராநகர். கோரமங்கலாவில் கடைகள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் அந்தப் பக்கமே தங்கியிருப்பவர்களுக்குத்தான் சௌகரியம்.

சொந்த வண்டி வேண்டவே வேண்டாம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே.

படி 2: பேசவா, ஆடவா?

இதை முடிவு செய்யாமல் ரேட்டிங் பார்ப்பது வீண். பழைய ராக் பாட்டு, மக்கில் பியர், அலட்டல் இல்லாத இடம் போதுமென்றால் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பீகோஸ். கடையிலேயே காய்ச்சும் பியர் வேண்டுமென்றால் இந்திராநகர் 100 அடி ரோட்டில் டாய்ட், அல்லது மக்ராத் ரோட்டில் ஆர்பர். ஜாஸ் கேட்டுக்கொண்டு உட்கார ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். டிஜே போடும் இடங்களில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். பல வருஷம் கழித்துச் சந்திக்கும் கூட்டாளிகளோடு அங்கே போகாதீர்கள்.

கூகுள் மேப்ஸில் விமர்சனங்களை ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். மொத்த நட்சத்திரம் எனக்கு உதவியதே இல்லை.

படி 3: போன் போட்டுக் கேளுங்கள்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நாங்கள் நாலு ஆண்கள் ஆப்பில் டேபிள் போட்டுவிட்டு ஒரு ரூஃப்டாப் பாருக்குப் போனோம். வாசலில் பவுன்சர் எங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஸ்டேக் என்ட்ரி இல்லை சார்” என்றார். பெண்கள் இல்லாத ஆண்கள் கூட்டத்தை விடமாட்டார்களாம். புக்கிங்கைக் காட்டினோம்; அவர் ஆப்பின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆப் பெரும்பாலும் இதைச் சொல்லாது, சொன்னாலும் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஆகவே மாலை நாலு, ஐந்து மணிக்குக் கடைக்கே போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

- ஆண்கள் மட்டும் வந்தால் விடுவீர்களா? வார நாளுக்கும் சனிக்கிழமைக்கும் வித்தியாசம் உண்டா?
- கவர் சார்ஜ் உண்டா? அது முழுவதும் பில்லில் கழியுமா?
- எத்தனை மணி வரை டேபிளை வைத்திருப்பீர்கள்?
- செருப்பு, அரைக்கால் சட்டைக்குத் தடை உண்டா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கவர் சார்ஜ் என்றால் சாப்பிட்டும் குடித்தும் கழித்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் என்றால் போனது போனதுதான். கழியும் என்றாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைக்கு 2,000 ரூபாய் என்று வையுங்கள். நாலு பேருக்கு 8,000. மீதியைத் திருப்பித் தரமாட்டார்கள். குடிக்காத ஒருவர் கூட வந்தால் அவர் பங்குக்கு யாராவது பனீர் டிக்காவாகத் தின்று தீர்க்க வேண்டியிருக்கும்.

படி 4: உட்கார்ந்த பிறகு

காய்ச்சும் கடை என்றால் எடுத்த எடுப்பில் பிட்சர் (பெரிய ஜக்) சொல்லாதீர்கள். சாம்ப்ளர் கேட்டால் சின்னச் சின்னக் கிளாஸ்களில் எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பிடித்ததைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம். டாய்டில் பாஸ்மதி அரிசி போட்ட பியர் ஒன்று உண்டு, கசப்பு பிடிக்காதவர்கள் அதில் தொடங்கலாம். வயிற்றுக்கு ஏதாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடை மூடும் முன்பே கிச்சனை மூடிவிடுவார்கள்.

பிற்சேர்க்கை: சர்வீஸ் சார்ஜ் பற்றிப் பின்னூட்டத்தில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். சாப்பாட்டுக்கு மட்டும்தான் ஜிஎஸ்டி. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: அக்டோபர் 2 வாரக் கடைசியில் வந்து ஏமாந்த நண்பர் எழுதியிருந்தார். காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம் மூன்றுமே ட்ரை டே, அதாவது மது விற்காத நாள். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் கடை இல்லை. ரயில் டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.