அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் அம்மாவையும் பாருங்கள்

போன வருஷம் ஐப்பசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூரில் 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டி வந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்து, அப்பாவைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். அம்மா அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கும் அக்கா வந்தார். அம்மாவுக்கு நாலு வருஷமாக பிரஷர் உண்டு. அவளுடைய பழைய மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாத்திரைகூட உரிக்கவில்லை. பிரஷர் பார்த்தால் 180. அப்பாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவள் தன்னுடையதை மறந்துவிட்டாள். அதே வீட்டில் இருந்த நானும் கவனிக்கவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். பில் கட்ட, கார் பிடிக்க ஆண்கள் போய் நிற்கிறோம். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவளோ ஊரில் சமைத்துக்கொண்டிருப்பாள். அவளை ஒரு நாள் முன்னாலேயே வரவழையுங்கள். புரட்டுவது, ஊட்டுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது எல்லாவற்றையும் நர்ஸ் ஒருமுறை செய்து காட்டட்டும்; அடுத்த முறை அவர் பார்க்க அவளும் நீங்களும் செய்யுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப்போய், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வரும். பழையதும் புதியதும் சேர்ந்து உள்ளே போனால் ஆபத்து.

புரட்டுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். படுக்கைப் புண் வராமல் இருக்க, பகலிலும் இரவிலும் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அம்மா முதலில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டே நாளில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குத் தோள் வலி. செயலிழந்த கையை இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் முதுகுக்கு அடியில் விரியுங்கள். பக்கத்துக்கு ஒருவராக நின்று ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கித் திருப்ப வேண்டும். தோல் உரசாது. முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறாவிட்டால் அதுதான் புண்ணின் ஆரம்பம். அங்கே தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், நர்ஸிடம் காட்டுங்கள்.

ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. தண்ணீர் குடித்ததும் இருமினால் புரையேறுகிறது என்று அர்த்தம். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாசத்தில் படுத்தவாக்கிலேயே இளநீர் கொடுக்கிற பெரியப்பாக்களை அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

சரி, ராத்திரிக்கு வருவோம். 12 மணி, 2 மணி, 4 மணி என்று ஒருத்தியே எழுந்தால் பத்தே நாளில் அவளும் படுத்துவிடுவாள். பிரஷர் 180 வந்த அன்றைக்கு நாங்கள் நேரம் பிரித்துக்கொண்டோம். ராத்திரி 10 முதல் 3 வரை நான். அந்த ஐந்து மணி நேரம் அம்மா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். 3 மணிக்கு மேல் அவள். அவளுடைய மாத்திரையையும் அப்பாவின் டப்பாவிலேயே, காலை வேளைக்குப் பக்கத்தில் தனிச் சின்ன டப்பியாக வைத்தேன்.

உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே பிசியோதெரபியும் வீட்டுக்கு வந்து செய்கிறார்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, இன்னொரு கை விழுந்தாலோ உடனே 108. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சித்தி ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கையில் ரசமும் துவையலும். “அக்கா, நீ போய்ப் படு. அத்தான் பக்கத்துல நான் இருக்கேன்” என்றாள். அம்மா 2 மணி நேரம் தூங்கினாள். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று கேட்டுவிட்டுப் போனால் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்ன கிழமை, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆப்பிளுக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி வேட்டிகளைக் கொண்டு வாருங்கள். போகும்போது அங்கே நனைந்து கிடப்பதை எடுத்துப்போய்த் துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் பக்கம் ஒரு வேட்டி காய மூன்று நாள் ஆகும்.