அடுத்த பாகம் எப்படி என்று கேட்டால்: படம் பார்த்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளி, துப்பாக்கி, பயம் மூன்றும் கலந்த ஹொலிவுட் படம் ஒன்றின் அடுத்த பாகம் கொழும்புக்கு வந்தால், முதல் காட்சி முடிந்த கையோடு தீர்ப்பும் வந்துவிடும். மெஜஸ்டிக் சிட்டியிலிருந்து இறங்கி, காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போதே வட்ஸ்அப்பில் குரல்பதிவு பறக்கும். "மச்சான், முதல் படம் மாதிரி இல்லை." அவ்வளவுதான். கேட்டவனுக்கு அதிலிருந்து என்ன விளங்கும்? எது முதல் படம் மாதிரி இல்லை, பயமா, சண்டையா, கதையா? இவர் பார்த்தது எந்தப் பதிப்பு?

கருத்துச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சண்டை பிடித்தாவது கதைக்க வேண்டிய படங்கள்தான் இவை. ஆனால் எதைப் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்வதால் பாதிச் சண்டை வீணாகிறது. உதாரணங்களைப் பெரும்பாலும், விண்வெளியில் ஒரு கொடிய பிராணி மனிதரை வேட்டையாடும் ஏலியன் படவரிசையிலிருந்தே எடுக்கிறேன். நாம் விடுகிற எல்லாத் தவறுக்கும் அதில் ஒரு படம் இருக்கிறது.

முதலில் பதிப்பு. ஜேம்ஸ் கமரூன் இயக்கிய இரண்டாவது படம் ஏலியன்ஸ் 1986இல் தியேட்டருக்கு வந்தபோது 137 நிமிடம். பிறகு வந்த சிறப்புப் பதிப்பு 154 நிமிடம். கூடுதலாக வந்த 17 நிமிடமும் வெறும் ஒட்டுத்துண்டு அல்ல. வரிசையின் நாயகி ரிப்ளி 57 வருடம் விண்கலத்தில் உறங்கிக் கிடந்த காலத்தில் அவளுடைய மகள் வயதாகி இறந்துபோன செய்தி நீண்ட பதிப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு, நியூட் என்ற சிறுமியை ரிப்ளி கடைசிவரை விடாமல் தேடிப்போவது மகளை இழந்த தாயின் பிடிவாதம். பார்க்காதவருக்கு அது நல்ல மனசு, அவ்வளவே. அதேபோல, கதை நடக்கும் கிரகத்தில் மனிதர் அமைத்த குடியேற்றத்தை நீண்ட பதிப்பு முன்கூட்டியே ஆட்களோடும் பிள்ளைகளோடும் காட்டிவிடுகிறது. தியேட்டர் பதிப்பில் சிப்பாய்கள் கதவைத் திறக்கும்போதுதான் நாமும் முதல்முறை உள்ளே போகிறோம், யாருமில்லாத நடைபாதை. என்னைக் கேட்டால் பயத்துக்குக் குறுகியது, ரிப்ளிக்கு நீண்டது. "தொடக்கம் இழுவை" என்று ஒருவரும் "கச்சிதம்" என்று மற்றவரும் மல்லுக்கட்டினால், அவர்கள் இரண்டு வேறு படங்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றே அர்த்தம்.

மூன்றாவது படத்தில் இது இன்னும் வேடிக்கை. 1992இல் வந்த ஏலியன் 3இல் அந்தப் பிராணி ஒரு நாயிடமிருந்து பிறக்கிறது. 2003இல் டிவிடி பெட்டியில் வந்த நீண்ட பதிப்பில் எருதிடமிருந்து பிறக்கிறது. நாய் என்று சொல்பவரும் சரி, எருது என்று சொல்பவரும் சரி. 2024இல் வந்த ஏலியன்: ரோமுலஸும் விதிவிலக்கல்ல. 2020இல் காலமான நடிகர் இயன் ஹோமின் முகத்தை அதில் ஒரு அண்ட்ரொயிட்டுக்கு, அதாவது மனித உருவ இயந்திரத்துக்கு, பொருத்தியிருந்தார்கள். தியேட்டரில் அது ஒட்டவில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். வீட்டில் பார்க்கும் பதிப்புக்கு அந்தக் காட்சிகளைத் திருத்தினார்கள். ஆகவே "அந்த முகத்தில் என்ன குறை?" என்று பிறகு வீட்டிலிருந்து பார்த்தவர் கேட்டால் அவரையும் குறை சொல்ல முடியாது. தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு வசனம் சரியில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எழுதியவரைத் திட்டுகிறீர்களா, டப்பிங் செய்தவரைத் திட்டுகிறீர்களா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய வியாதி: முதல் பாதி, இரண்டாம் பாதி. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு, இடைவேளைக்கு முன் ஒரு திருப்பம், பிறகு ஒரு வேகம் என்று கணக்கு மனதில் ஊறியிருக்கிறது. தமிழ்ப் படத்துக்கு அது நியாயமான கணக்கு, எழுதும்போதே அப்படித்தான் எழுதுகிறார்கள். இப்போதைய ஹொலிவுட் படத்தில் இடைவேளை என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. இங்கே தியேட்டர்காரர் நடுவில் எங்கோ வெட்டி விளக்கைப் போடுகிறார். இருட்டுக்குள் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வந்த பயம் சோளப்பொரி வரிசையில் இறங்கிவிடுகிறது. திரும்பி வந்து உட்காரும்போது படம் விட்ட இடத்தில் நிற்கிறது. நாம் அங்கே இல்லை. பிறகு "இரண்டாம் பாதி தொய்வு" என்று சொன்னால் அந்தப் பழியில் ஒரு பங்கு சோளப்பொரிக்குப் போக வேண்டும். திகில் படத்துக்கு இது மற்ற வகைப் படங்களைவிடக் கூடுதலாக அடிக்கிறது. காரணம், பதற்றத்தை இடையில் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

இனிப் பெரிய தவறுக்கு வருவோம்: முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதை அளப்பது.

வரிசையின் முதல் படமான, ரிட்லி ஸ்கொட்டின் 1979ஆம் ஆண்டு ஏலியனில் ஒரு சரக்கு விண்கலம், ஏழு பேர், ஒரே ஒரு பிராணி. அவர்கள் சிப்பாய்கள் அல்ல, சம்பளத்துக்கும் போனஸுக்கும் தர்க்கம் செய்கிற தொழிலாளர்கள். பிராணியை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. கமரூன் அடுத்த படத்தில் நவீன ஆயுதங்களோடு ஒரு படைப்பிரிவை இறக்கினார், எதிரிகளையும் கூட்டமாக்கினார். உடனே வருகிற விமர்சனம்: "இது ஆக்‌ஷன் படம், பயமே இல்லை." அப்படிச் சொல்பவர்கள் ஒரு காட்சியை மறுபடி போட்டுப் பார்க்கட்டும். சிப்பாய்கள் அணு உலைக்கு அடியில் போய் நிற்கிறார்கள். அங்கே சுட்டால் குளிர்விக்கும் அமைப்பு உடைந்து எல்லோரும் சாம்பல். ஆகவே எதிரியைச் சந்திப்பதற்குச் சற்று முன்னால் அவர்களுடைய தோட்டாக்களைத் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். அனுபவமில்லாத அதிகாரி வெளியே வண்டிக்குள் இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு திரையாக அணைகிறது. படம் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழித்து வருகிற முதல் சண்டை இது, இதில் நம்மவர்கள் தோற்கிறார்கள். ஆயுதம் இருப்பவனிடம் இருந்து ஆயுதத்தைப் பறித்துவிட்டுப் பிறக்கிற பயம் இது. முதல் படத்து ஆட்களிடம் பறிப்பதற்கே எதுவும் இருக்கவில்லை.

இன்னொன்று அசைவு காட்டும் அந்தச் சிறிய கருவி. அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டு தூரத்தைக் குறைக்கிறது. கதவை அடைத்து ஒட்டிவிட்டார்கள். கருவியோ அவை அறைக்குள்ளேயே வந்துவிட்டன என்கிறது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒருவன் தலைக்கு மேலிருக்கும் கூரைத் தகட்டைத் தூக்கிப் பார்க்கிறான். இதில் துப்பாக்கி எவ்வளவு இருந்தால் என்ன?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "முதல் படம் மாதிரி இருக்கிறதா" என்பதல்ல. இது எந்தப் பயத்தைத் தர முயன்றது, அது வந்து சேர்ந்ததா என்பதே. வராவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு, நாமே இரண்டு பக்கமும் அடிக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏலியன்ஸ் மாறிவிட்டது என்று குறை. ரோமுலஸ் மாறவில்லை, பழைய படங்களைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது என்று குறை. இரண்டாவதில் எனக்கும் உடன்பாடுதான்: ரிப்ளியின் புகழ்பெற்ற வசனத்தை வேறொரு வாயில் வைத்த இடம் ரசிகர்களின் கைதட்டலுக்காகப் போட்டதுபோல் இருந்தது. ஆனால் இந்த இரண்டு குறைகளையும் ஒரே மூச்சில் சொல்பவர் தனக்கு எது வேண்டும் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

நாம் மனதில் எழுதி வைத்த கதை வரவில்லை என்ற கோபத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். ஏலியன் 3 தொடங்கும்போதே, முந்தைய படத்தில் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய சிறுமி நியூட்டும் சிப்பாய் ஹிக்ஸும் இறந்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அந்த முடிவு பிடிக்காது. ஆனால் "எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது" என்பது ஒன்று, "படம் மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது" என்பது வேறொன்று. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம் அது. திரைக்கதை முழுமையாகாமலே படப்பிடிப்பு தொடங்கியது. குளறுபடிகள் தெரிகின்றன. அப்படியிருந்தும் அந்தச் சிறைக் கிரகத்தின் துருவும் ஈரமும் கலந்த சூழல் கண்ணை விட்டுப் போவதில்லை. முதல் ஐந்து நிமிடக் கோபத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

வரிசை குழம்புவதும் அடிக்கடி நடக்கிறது. கடைசியாக வந்த படம் கதையிலும் கடைசி என்று நினைத்துவிடுகிறார்கள். கதைக்குள் முதல் படம் 2122, ரோமுலஸ் 2142, ஏலியன்ஸ் 2179. 2012இல் வந்த ப்ரொமீதியஸ் இவை எல்லாவற்றுக்கும் முந்திய கதை. "ரிப்ளி எங்கே, ஏன் ஒருவரும் அவளைத் தேடவில்லை" என்று ரோமுலஸைப் பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் எளிது: அவள் இன்னும் உறக்கத்தில் மிதந்துகொண்டிருக்கிறாள்.

லொஜிக் கேட்பது நல்ல பழக்கம், ஆனால் படம் பதில் சொல்லிவிட்ட கேள்வியைக் கேட்கக் கூடாது. "விண்கலத்துக்குள் ஏன் சுட்டுக் கொல்லவில்லை?" அதன் இரத்தம் அமிலம், முதல் படத்திலேயே அது தளம் தளமாக உருக்கிக்கொண்டு இறங்கியதைக் காட்டிவிட்டார்கள். இது ஓட்டை அல்ல, கதையைத் தாங்குகிற விதியே அதுதான். படம் தன் விதியைத் தானே மீறினால் பிடியுங்கள். ரோமுலஸில் அந்தப் பிராணி உடலுக்குள் போய் வெளியே வருவதற்கு எடுக்கும் நேரம் முதல் படத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. அது கேட்க வேண்டிய கேள்வி, அதற்குப் படத்திடம் நல்ல பதில் இல்லை.

"ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு" என்று சொல்வதற்கு முன் திரையைப் பாருங்கள். சனிக்கிழமை மத்தியானம், கடற்கரைப் பக்கம் ஜன்னல் திறந்த ஃபிளட்டில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வைத்த டிவியில் இப்படிப்பட்ட படம் ஓடினால் கரிய பகுதி எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். டிவி தானாகப் போட்டு வைத்திருக்கும் அசைவை மென்மையாக்கும் வசதியையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் செலவழித்த படம் மெகா தொடர் போல வழுக்கும். ஃபோனில் பார்த்தவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இவ்வளவையும் சரிசெய்த பிறகும் இருட்டாக இருந்தால் அது படத்தின் குற்றமேதான். ஏலியன் பிராணியைப் பிரடேட்டர் என்ற வேற்றுக்கிரக வேட்டைக்காரனோடு மோதவிடும் ஏலியன் வெர்சஸ் பிரடேட்டர் படங்களில், 2007இல் வந்த இரண்டாவது, ரெக்குவியம், அந்த ரகம். மழை, இரவு, அதற்குள் கறுப்புப் பிராணிகள். யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே தெரியாது. அதைத் திட்டியவர்கள் பக்கம் நான் நிற்கிறேன்.

மதிப்பெண்ணைப் பற்றிச் சுருக்கமாக. விமர்சனங்களைத் தொகுக்கும் ரொட்டன் டொமாட்டோஸ் தளத்தில் 90 வீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி என்று அர்த்தமில்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் "பரவாயில்லை" அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்று மட்டுமே அர்த்தம். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படம், சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடும் படத்தைவிட அங்கே மேலே போய்விடும். சினிமாஸ்கோர், அமெரிக்காவில் முதல் நாளே போய்ப் பார்ப்பவர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பு. திகில் படங்களுக்கு அதில் பொதுவாகவே குறைவாக விழும். இந்த மதிப்பெண்களை வாய்க்குள் போட்டுக்கொண்டு உங்கள் கருத்து என்று சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் விஷயம் அப்படி ஓடிப்போகக்கூடியதல்ல. இங்கிலீஷ் பழகட்டும் என்று பத்து வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். ஒரே வரிசையில் வந்த படம் என்பதால் ஒரே அளவுதான் இருக்கும் என்று அவர் நம்புகிறார். 2004இல் வந்த முதல் ஏலியன் வெர்சஸ் பிரடேட்டருக்கு அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ், அதாவது 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை. மூன்று வருடம் கழித்து வந்த ரெக்குவியத்துக்கு அதைவிடக் கடுமையான ஆர் சான்றிதழ். அதில் ஒரு சிறுவனும் அப்பாவும் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறார்கள், மகப்பேற்று விடுதிக் காட்சி ஒன்று பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். மறுபக்கம், 2025இல் வந்த பிரடேட்டர்: பேட்லண்ட்ஸ் மறுபடி பிஜி-13. பெயரைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. "சூப்பர் படம் அண்ணா, கட்டாயம் பாருங்கள்" என்று சொல்லும்போது அண்ணா யாரோடு போகிறார் என்று கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது. கர்ப்பிணிகள் வருகிற காட்சி, சிறுபிள்ளைகள் சாகிற காட்சி, மூச்சுத் திணறல், ஊசி, இரத்தம்: எது எவ்வளவு என்று ஒரு வரி போதும்.

அப்புறம் ஸ்பொய்லர், அதாவது பார்க்காதவரிடம் கதையை உடைப்பது. நான் மேலே 1992 படத்தின் தொடக்கத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆன படத்துக்கு அந்தச் சலுகை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் படத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. யார் சாகிறார் என்று சொல்லாவிட்டாலும் "கடைசி இருபது நிமிடம் எதிர்பார்க்கவே மாட்டாய்" என்பதும் ஸ்பொய்லர்தான், கேட்டவன் அந்த இருபது நிமிடத்துக்காக மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொட்டாஞ்சேனையில் இருக்கிற மச்சான் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால், குரல்பதிவை ஞாயிறு இரவு அனுப்பலாம். அதுவரை குழுவில் சொல்லக்கூடியது இவ்வளவு: எங்கே பார்த்தீர்கள், சத்தம் எப்படி, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா.