"முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்": முன்னாள் படைவீரர் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வும் மதுப்பழக்கமும் சேர்ந்து வாட்டும் முன்னாள் படைவீரர் ஒருவரை, மனநலப் பிரிவு "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றும், போதை மீட்புப் பிரிவு "மனம் தேறிய பின் வாருங்கள்" என்றும் மாறி மாறித் திருப்பி அனுப்புவது அமெரிக்க மருத்துவத்தில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. முன்னாள் படைவீரர் நலத் துறை 2008இல் வகுத்த மனநலச் சேவை விதிகள், போதைப் பழக்கத்தோடு வேறு மனநோய் இருந்தால் அதற்கும் உரிய சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கூறின. விதி மாறினாலும் அந்தப் பழைய மனப்பான்மை முற்றிலும் போய்விடவில்லை; இத்துறையில் நடக்கும் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறான அவசரமும் தவறுதான். மது தானாகவே மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது என்பதால், குடியை விட்ட முதல் வாரத்தில் ஒருவர் அழுவதையும் உறங்காமல் கிடப்பதையும் மட்டும் வைத்து நிரந்தர நோய்ப்பெயர் சூட்டிவிடக் கூடாது. குடி நின்று சுமார் ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் நீடித்தால் அதைத் தனி நோயாகக் கருத வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறி கையேடு தரும் அளவுகோல். ஆனால் இது பெயர் சூட்டுவதற்கான அவகாசமே அன்றி, நோயாளியைக் கைவிட்டுக் காத்திருப்பதற்கான அவகாசம் அன்று. படையில் சேரும் முன்பே, அல்லது இடையில் குடிக்காமல் இருந்த மாதங்களில், இதே சோர்வு இருந்ததா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். தற்கொலை எண்ணம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி கேட்கும் முறையிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். குடியை அளக்க 3 கேள்விகளும் மனச்சோர்வை அளக்க 9 கேள்விகளும் கொண்ட படிவங்கள் உண்டு. அவற்றைத் தலை நிமிராமல் நிரப்பி வாங்கிக்கொண்டால் பயனில்லை. "தினமும் இரண்டு கிளாஸ்தான்" என்று ஒருவர் சொல்கிறார். அமெரிக்கக் கணக்கில் விஸ்கி போன்ற கடுமையான மதுவில் ஓர் அளவு என்பது ஏறத்தாழ 44 மில்லிலிட்டர். அவர் வீட்டு உயரமான கண்ணாடித் தம்ளரைப் பாதிக்குமேல் நிரப்பினால் அதில் நான்கு அளவு அடங்கிவிடும். ஆகவே இரண்டு என்று அவர் உண்மையாகவே சொன்னது எட்டு. எத்தனை தம்ளர் என்பதை விட, ஒரு பாட்டில் எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேட்பது நல்லது. வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள் சோகம் என்ற சொல்லை எளிதில் சொல்வதில்லை. எரிச்சல், முதுகுவலி, தூக்கமின்மை என்றே சொல்வார்கள்.

நீண்ட நாள் அதிகம் குடித்தவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் சொல்வது உயிருக்கே ஆபத்தானது. சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் கூடிய கடும் நிலையும் வரக்கூடும். மருத்துவக் கண்காணிப்பு இதற்காகத்தான்.

மருந்தில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் பார்ப்பதால் வருகிறது. மனச்சோர்வும் மதுச் சார்பும் சேர்ந்திருந்த 170 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் 14 வாரச் சிகிச்சைக் காலத்தில் குடியை முற்றிலும் விட்டிருந்தனர். ஒன்றை மட்டும் பெற்றவர்களிலோ வெற்று மாத்திரை பெற்றவர்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவரே விட்டிருந்தார். அவர்கள் படைவீரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்றாலும் பாடம் இங்கும் பொருந்தும். நால்ட்ரெக்சோனை எழுதும் முன், போர்க்காய வலிக்காக அவர் ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் விடுவது பெரும் பிழை. எடுத்துக்கொண்டிருந்தால், ஓபியாய்டைத் திடீரென நிறுத்தியதுபோன்ற கடுமையான விலகல் அறிகுறிகள் உடனே தாக்கும். திடீரெனக் குடியை நிறுத்துபவருக்கு, மனச்சோர்வுக்குத் தரப்படும் பியூப்ரோபியான் என்ற மருந்து வலிப்பைத் தூண்டலாம். தூக்கத்துக்கென்று பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எழுதுவதோ, மதுவுடனோ ஓபியாய்டுடனோ சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடக்கூடியது.

மறுபடியும் குடித்துவிட்டார் என்பதற்காகச் சிகிச்சையிலிருந்து நீக்குவதைப் போல முரணான செயல் வேறில்லை. சர்க்கரை ஏறிய நோயாளியை எந்த மருத்துவரும் வெளியேற்றுவதில்லை. ஒருவர் மீண்டும் குடித்த நாளில்தான் அவரது மனநிலையும் கீழே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த சந்திப்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டிய நாள் அது.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்கத் தயங்குவதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலான தவறாகக் கருதுகிறேன். அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் துப்பாக்கியால் நிகழ்கின்றன; போதை தயக்கத்தைக் கரைத்துவிடுகிறது. 988 என்ற எண்ணை அழைத்து 1ஐ அழுத்தினால் அவர்களுக்கான உதவி எந்நேரமும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. துப்பாக்கி வீட்டில் எங்கே இருக்கிறது, தோட்டாக்கள் தனியாக உள்ளனவா, அவர் குடிக்கும் இரவுகளில் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவரிடமும், அவர் இசைந்தால் மனைவியிடமும், முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்.