கால வளையக் கதையா? முதல் சுற்றை மட்டும் முழுசாக எழுதுங்கள்

ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதையில் பலரும் சறுக்குவது இரண்டாவது சுற்றில்தான். சொன்னதையே மறுபடி முழுசாகச் சொன்னால் படிப்பவருக்கு அலுத்துவிடும்.

குன்னூரில் உட்கார்ந்து எழுதும் நான் எங்கள் மலை ரயிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிற ரயில்தான் வளையத்தின் தொடக்கம். முதல் சுற்றில் எல்லாவற்றையும் காட்டுங்கள்: பின்னாலிருந்து தள்ளுகிற நீராவி இன்ஜின், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற சத்தம், எதிர் சீட்டுப் பாட்டி மடியிலிருந்து உருண்டு விழும் ஆரஞ்சு, குன்னூரில் டீசல் இன்ஜினுக்கு மாறுவது. இரண்டாவது சுற்றுக்கு விசிலும் ஆரஞ்சும் போதும். மூன்றாவதில் ஆரஞ்சு விழுவதற்கு முன்பே கதாநாயகன் கையை நீட்டட்டும், பாட்டி திடுக்கிட்டுப் பார்க்கட்டும். எத்தனை முறை இதை வாழ்ந்திருக்கிறான் என்று நீங்கள் எண்ணிச் சொல்லவே வேண்டாம், எனக்கு இந்த உத்தியில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

அப்புறம், எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எது அழியும், எது தங்கும் என்று குறித்துவிடுங்கள். நினைவு மட்டும் தங்கும் என்றால் காயம், காசு, கிழித்த டிக்கெட் எல்லாம் 7.10க்குப் பழையபடி ஆகிவிட வேண்டும்.