வேலூரிலிருந்து கோடைக் கடல் தூண்டில் பயணம்: நண்பர்கள் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

காவேரிப்பாக்கம் ஏரியிலும் மழைக்காலத்துப் பாலாற்றிலும் கெண்டைக்கும் விராலுக்கும் தூண்டில் போட்டுப் பழகிய நம் பக்கத்து நண்பர்கள் பலர், கோடை விடுமுறையில் ஒருமுறையாவது கடலுக்குப் போய்ப் பெரிய மீனோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று விரும்புகிறார்கள். வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மூன்று, மூன்றரை மணி நேரத்தில் மாமல்லபுரத்தை அடைந்துவிடலாம். கோவளமும் அங்கிருந்து அருகில்தான். ஆனால் ஏரிக்கரையில் கற்ற பழக்கத்தில் பாதி கடலில் உதவாது. எந்த நாளில் புறப்படுவது, எந்த நேரத்தில் திரும்புவது என்ற இரண்டையும் படகோட்டியின் தீர்ப்புக்கு விட்டுவிடும் குழுவே நன்றாக மீன் பிடிக்கிறது, நலமாக வீடும் திரும்புகிறது. இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் பெரும்பாலான ஏற்பாடுகள், அந்தத் தீர்ப்புக்குக் குழு தடையாக நிற்காமல் இருப்பதற்கானவை.

நாளைத் தேர்ந்தெடுப்பது

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. வெளிப்புற எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகளும் நாட்டுப்படகுகளும் பொதுவாக இத்தடைக்குள் வருவதில்லை என்றாலும், மீனவக் கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதால், படகுக்காரரிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்டுத் தெளிவுபெறாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முதன்முறை செல்லும் குழுவுக்கு மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான நாட்களே உகந்தவை என்பது என் கருத்து. தடைக்காலமும் தொடங்கியிராது, கத்திரி வெயிலும் வந்திருக்காது. பள்ளி விடுமுறை கருதி மே மாதத்தில்தான் போக முடியும் என்றால், பிடித்ததை உயிரோடு விட்டுவிடும் பயணமாகவே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக் கடல் வெளியிலிருந்து பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். வங்கக் கடலில் ஏப்ரல், மே மாதங்களில் புயல் உருவாவதுண்டு. 2016 மே மாதத்தில் ரோனு புயல் தமிழகக் கரையை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்றது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எல்லோரும் அறிவார்கள். ஆனால் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும், தொலைதூரத் தென்கடலில் எழுந்த பேரலைகள் நம் கரையை வந்து தாக்கும் ‘கள்ளக்கடல்’ நிகழ்வைப் பலர் அறிவதில்லை. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்ததும் அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த வேளையில்தான். ஆகவே ஐதராபாத்தில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயர அறிவிப்பையும், வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது முன்பணம் பற்றிய பேச்சு. கடல் சரியில்லை என்று படகோட்டி சொன்னால் பயணம் வேறொரு நாளுக்குத் தள்ளப்படும், பணம் வீணாகாது என்பதை முதலிலேயே இரு தரப்பும் பேசி முடித்துவிடுங்கள். இந்த ஏற்பாடு இல்லாத குழுக்கள்தான், அத்தனை தூரம் வண்டியோட்டி வந்துவிட்டோமே என்ற ஆதங்கத்தில், “ஒரு மணி நேரமாவது போய் வரலாம் அண்ணே” என்று படகோட்டியை நெருக்குகின்றன. அவருடைய வருமானமும் அந்த ஒரு நாளைச் சார்ந்திருக்கும்போது மறுத்துச் சொல்வது அவருக்கும் எளிதல்ல.

பாலாற்று மணலில் பயிற்சி

கடலுக்கான கருவி பற்றிய குழப்பம் அதிகம். படகிலிருந்து பிடிக்க ஏழடி அளவிலான, தண்டு வலுவுள்ள தூண்டில்கோலும், 6000 முதல் 8000 வரை எண்ணிட்ட உப்புநீர் ஸ்பின்னிங் ரீலும் தொடக்கத்துக்குப் போதும். ரீலில் 40 அல்லது 50 பவுண்டு வலுவுள்ள பின்னல் நூலைச் சுற்றி, அதன் நுனியில் 60 முதல் 80 பவுண்டு வரையிலான தடித்த தங்கூசியை இரண்டு மீட்டர் நீளத்துக்கு முடிய வேண்டும். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பற்கள் கத்தியைப் போன்றவை. அவற்றை நாடிப் போகும்போது முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி இல்லையென்றால், மீனோடு போலி இரையும் போய்விடும். பாறை மீனுக்கும் கடல் விராலுக்கும் கம்பி தேவையில்லை. ஏரிக்கு வாங்கிய சிறிய ரீலைக் கொண்டுபோனால், பெரிய பாறை மீனின் முதல் ஓட்டத்தையே அது தாங்காது.

ஊரில் இருக்கும்போதே பழக வேண்டியவை மூன்று. பின்னல் நூலையும் தங்கூசியையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சை ஆளுக்கு ஆள் தாமாகவே போடக் கற்க வேண்டும். ஆடும் படகில் ஈரக்கையோடு அதைக் கற்பது நடக்காது. அடுத்தது டிராக் அமைப்பு, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இழுப்புக்கு நூலை விட்டுக்கொடுக்கும் என்ற இறுக்கம். நூலின் அறுபடும் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். 50 பவுண்டு நூல் ஏறத்தாழ 22 கிலோ தாங்கும் என்பதால் ஐந்தரைக் கிலோவில் தொடங்கலாம். பயணப் பெட்டி எடை பார்க்கும் சிறிய கொக்கித் தராசை நூல் நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்தால், ஐந்தரைக் கிலோ என்பது கைக்கு எவ்வளவு பெரிய இழுப்பு என்று விளங்கும். கையால் திருகி உத்தேசமாக வைப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவில்தான் வைத்திருப்பார்கள். மூன்றாவது, வீச்சு. கோடையில் நீரின்றிக் கிடக்கும் பாலாற்று மணற்பரப்பு இதற்கு அருமையான இடம். முள்ளைக் கழற்றிவிட்ட 60 கிராம் ஜிக்கை (உலோகப் போலி இரையை), பக்கவாட்டில் சுழற்றாமல் தலைக்கு மேலாக மட்டும் வீசிப் பழகுங்கள். படகில் பக்கவாட்டு வீச்சு அடுத்தவர் முகத்தில் முடியும்.

இவற்றோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூர் மீன் மார்க்கெட்டுக்குப் போய், வஞ்சிரம், பாறை, சீலா, சூரை, களவா, செப்பிலி, கெளுத்தி ஆகியவற்றை வியாபாரிகளிடம் கேட்டு அடையாளம் கண்டுகொள்வது மிகுந்த பயன் தரும். எந்த மீனின் எந்த முள்ளில் கை வைக்கக் கூடாது என்பதையும் அவர்களே காட்டித் தருவார்கள்.

படகும் அலையைக் கடப்பதும்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உள்ள ஃபைபர் படகுகளில் படகோட்டியும் உதவியாளரும் போக, தூண்டில்காரர் நால்வருக்கு மேல் ஏறுவது சரியல்ல. குழுவில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு படகு எடுங்கள். பதிவு எண், காப்பீடு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தகவல் தொடர்புக் கருவி, கூடுதல் எரிபொருள் ஆகியவற்றை முந்தைய நாள் மாலையிலேயே நேரில் பார்த்துவிடுங்கள். பயணிகளை ஏற்றிச் செல்ல அந்தப் படகுக்கு அனுமதி உள்ளதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். இதற்காகவே முந்தைய இரவு கரையில் தங்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். நள்ளிரவில் வேலூரிலிருந்து கிளம்பி, தூங்காமல் வண்டியோட்டி வந்து, அப்படியே படகில் ஏறுபவருக்குக் கடல்மயக்கம் வருவது ஏறக்குறைய உறுதி. திரும்பும் வழியில் அவரே மீண்டும் வண்டி ஓட்டுவது அதைவிட ஆபத்து.

முழுப் பயணத்திலும் ஆபத்தான நேரம் ஆழ்கடலில் இல்லை. கரையை விட்டுக் கிளம்பி உடைந்து விழும் அலைகளைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. படகோட்டி கரையருகே படகை நிறுத்தி அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வந்து ஓய்ந்த பின் கிடைக்கும் இடைவெளியில் எஞ்சினை முடுக்கி, அலைக்கு நேர்முகமாகப் படகைச் செலுத்துவார். படகு பக்கவாட்டில் திரும்பினால் கவிழும். அப்போது எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டை வார்பூட்டி அணிந்து, படகின் அடித்தளத்தில் உட்கார்ந்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கோல்கள் பிரித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முள் மாட்டிய நூல் ஒன்றுகூட வெளியில் தொங்கக் கூடாது. படம் எடுப்பதற்காக எவரும் எழுந்து நிற்கக் கூடாது. திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தள்ளும் என்பதால், கரையேறும் வேளையிலும் இதே ஒழுங்கு தேவை. களைப்பிலும் மீன் பிடித்த மகிழ்ச்சியிலும் பலர் அப்போதுதான் ஜாக்கெட்டைக் கழற்றுகிறார்கள்.

விடியுமுன் கிளம்பி, முதல் வெளிச்சத்தில் மீன் தங்கும் ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத்திட்டை அடைந்துவிட வேண்டும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து அலை கொந்தளிக்கத் தொடங்குவதால், பதினொரு மணிக்குள் கரை சேர்வது நல்லது. கோடையில் தெற்கிலிருந்து வடக்காக ஓடும் ‘தெண்டி’ நீரோட்டத்தைக் கணக்கிட்டு, பாருக்குத் தெற்கே படகை நிறுத்தி மிதக்க விடுவது, ஜிக் அதன் மேலாகச் செல்ல உதவும். அந்தக் கணக்கைப் படகோட்டிக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடற்பகுதி பாதுகாப்புக்குரியது என்பதால், அந்தப் பக்கம் போகச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

மீன் கடித்த பிறகு

இழுவைத் தூண்டில் போடும்போது படகு மணிக்கு ஒன்பது முதல் பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் போனால் பெரும்பாலான போலி இரைகள் நன்றாக நீந்தும். இரண்டு அல்லது மூன்று நூல்களுக்கு மேல் விட வேண்டாம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு தொலைவில் விட்டால் படகு திரும்பும்போது சிக்காது. எந்தக் கோலில் கடித்தால் யார் எடுப்பது என்ற முறையைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடித்த கணத்தில் மற்றவர்கள் தங்கள் நூலை உடனே சுற்றி எடுத்துவிட வேண்டும். கோல் பிடித்தவரிடம் படகோட்டி ஒருவரே பேசட்டும். நான்கு பேர் நான்கு யோசனை சொன்னால் மீன் எஞ்சினின் விசிறியைச் சுற்றிக்கொண்டு நூலை அறுத்துவிடும். மீன் ஓடும்போது அதை ஓடவிட்டு, நின்றதும் கோலை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுவதே முறை. ஓடும் மீனுக்கு எதிராகச் சுற்றினால் நூல் முறுக்கேறுவதைத் தவிரப் பயனில்லை.

வெதுவெதுப்பான நீரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நம் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. நீண்ட நேரம் போராடிய மீன் அதில் தேறுவதும் கடினம். விளையாட்டுக்காக மெல்லிய நூலில் அரை மணி நேரம் மீனை அலைக்கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விடப்போகும் மீனை விரைவாகப் படகருகே கொண்டுவந்து, முள்ளின் கொடுக்கை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் நீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம். படம் எடுப்பதாயின் ஈரக்கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, சில நொடிகளில் முடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானே வாலடித்துச் செல்லும்வரை பிடித்திருங்கள்.

எதை விடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். வஞ்சிரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தை எட்டிய பிறகே முதன்முறை முட்டையிடுகிறது. அதற்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். கொடுவா இளமையில் ஆணாக இருந்து பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். எனவே முகத்துவாரத்தில் மாட்டும் மிகப் பெரிய கொடுவாக்கள் எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். களவாக்களில் பல வகைகள் இதற்கு நேரெதிர், பெரியவை ஆண்கள். ஆமை, திமிங்கிலச் சுறா, கடல்குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. தவறி மாட்டினாலும் படகில் ஏற்றக் கூடாது. பேத்தை மீனில் சமைத்தாலும் அழியாத நஞ்சு இருப்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். கெளுத்தியோ திருக்கையோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பது வலியைத் தணிக்கும். அதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் படகில் இருக்கட்டும். கரை சேர்ந்ததும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடலைக் காப்பது

வேலூர் வெயிலைத் தாங்கியவர்களுக்குக் கடல் வெயில் பெரிதல்ல என்ற எண்ணம் தவறு. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்துவதால் உடல் வறள்வது தெரியாது. நீரில் பட்டு எதிரொளிக்கும் வெயில் தாடைக்கு அடியிலும் சுடும். முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் துணி, கண்கூச்சத்தைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி, ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாத நீர், சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆகியவை கட்டாயம். முந்தைய இரவு ஆம்பூர் பிரியாணியை ஒத்திவைத்து இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் கேழ்வரகுக் கூழ் சிறிது குடித்துப் போவது, வெறும் வயிற்றைவிடவும் நிறைந்த வயிற்றைவிடவும் நல்லது. கடல்மயக்கத்துக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தில், புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. மது கூடவே கூடாது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பதிந்து, திரும்பும் நேரத்தைக் கரையில் உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மீனை வேலூர் சேர்ப்பது

வைத்துக்கொள்ள முடிவு செய்த மீனை உடனே செவுளருகே அறுத்து இரத்தம் வடியவிட்டு, உடைத்த ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போட வேண்டும். சூரையும் வஞ்சிரமும் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, உண்டவர்களுக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வரும். கரை சேர்ந்ததும் குடலை நீக்கிக் கழுவி, மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸை அடுக்கடுக்காக இட்டு மூடுங்கள். உருகும் நீர் வடிய பெட்டியின் அடியில் வழி இருக்கட்டும். பங்கு பிரிப்பதை வேலூர் வந்தபின் வைத்துக்கொள்ளலாம். வழியில் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ச்சி போகும்.

அன்றிரவே ரீல்களின் டிராக்கை இறுக்கி, நன்னீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள்; குழாயின் வேகமான நீர் உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்து நிழலில் உலர்த்தியபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். தங்கூசியை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டியெடுத்து, கண்ட இடத்தில் எறியாமல் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். துருப்பிடித்த முட்களை மாற்றிய பிறகே பெட்டியை மூட வேண்டும்.